தூணும் தொட்டியும்: பழம் பொதுக்கட்டடங்களுக்குள் குப்பைக்கான இடம் குறித்து

காலனியக் காலத்துப் பொதுக்கட்டடம் ஒன்றின் வரைபடத்தில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். மண்டபம், தாழ்வாரம், மாடிப்படி, அதிகாரியின் அறை, எழுத்தர் அறை, காத்திருப்போர் கூடம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் உண்டு. குப்பைக்கு மட்டும் கட்டம் இருப்பது அரிது. நூறாண்டு கழித்து அக்கட்டடங்களுக்குள் மறுசுழற்சித் தொட்டிகளை வைக்க முனைவோர் இந்த வெற்றிடத்தைத்தான் முதலில் எதிர்கொள்கின்றனர். தொட்டியின் நிறம் சுவரோடு பொருந்துமா, வளைவுகளின் அழகை அது கெடுக்குமா என்ற கேள்விகளோடு அவர்களது விவாதம் தொடங்குகிறது. பல வேளைகளில் அங்கேயே முடிந்தும் விடுகிறது. அவை நியாயமான கேள்விகளே. ஆயினும் குப்பைக்கு ஏன் இடம் விடப்படவில்லை என்பதை வரலாற்றுவழி ஆராயும்போது, தொட்டியின் வடிவம் அழகியலைவிட ஆழமான ஒன்றோடு பிணைந்திருப்பது புலனாகும்.

சித்தூர், திருப்பதிப் பகுதியிலுள்ள பாகாலா சந்திப்பிலிருந்து இதனைத் தொடங்கலாம். 1890களில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்பாதை வலைப்பின்னலில் இணைந்த ஊர் அது. தெற்கே காட்பாடி, வடமேற்கே தருமாவரம், கிழக்கே திருப்பதி என மூன்று திசைத் தடங்கள் அங்கே கூடின. அன்று அப்பகுதி வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். தமிழ்நாட்டிலிருந்து திருமலைக்குச் செல்லும் யாத்திரிகர்களில் ஒரு பெரும்பகுதியினர் இத்தடத்தைப் பயன்படுத்தினர். ரயில் நிலையம் என்பது தென்னிந்தியச் சிற்றூர்களுக்கு முற்றிலும் புதிய வகைக் கட்டடம். கோயிலில் நுழையவும் சத்திரத்தில் தங்கவும் சாதி வரம்புகள் இருந்த காலத்தில், சீட்டு வாங்கிய எவரும் வந்து நிற்கக்கூடிய கூரை அது. முன்பின் அறியாத பலர் ஒரே இடத்தில் உண்டு, குடித்து, எஞ்சியதை எறிந்துவிட்டு அகன்றனர். வீட்டுக் குப்பைக்கும் தெருக் குப்பைக்கும் வேறான பொதுக்கட்டடக் குப்பை என்ற ஒன்று இவ்வாறே உருவாயிற்று.

அக்குப்பையின் இயல்பு இன்றையதினின்று வேறுபட்டது. தையல் இலை, தொன்னை, வாழைச்சருகு, மண்கலயம், பழத்தோல், செய்தித்தாள், எஞ்சினின் நிலக்கரிச் சாம்பல் ஆகியவையே அதன் பெரும்பகுதி. இலையை ஆடுமாடு தின்றது. உடைந்த மண்கலயம் மண்ணோடு கலந்தது. தாளும் கந்தலும் இரும்பும் கண்ணாடிப் புட்டியும் பழைய சாமான் வாங்குவோரிடம் சென்றன. பின்னாளில் சென்னைத் தமிழில் ‘காயலான் கடை’ என்று பெயர்பெற்ற வணிகம், மறுசுழற்சி என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அவ்வேலையைச் செய்துகொண்டிருந்தது. தரம் பிரிக்க வண்ணத் தொட்டிகள் தேவைப்படவில்லை. பிரித்தெடுக்கும் கைகள் இருந்தன. அக்கைகள் யாருடையவை என்பது வேறொரு கேள்வி.

பொதுக்கட்டடம் எல்லோருக்கும் பொதுவாக இருந்துவிடவில்லை. சென்னை மாகாணத்து ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததன் பின்னர் 1941இல்தான் அவ்வேறுபாடு நீக்கப்பட்டது. உண்ணும் இடத்தில் இருந்த பிரிவினை ஒரு போராட்டத்தின் பொருளாயிற்று. உண்டு எறிந்ததை அள்ளும் இடத்தில் இருந்த பிரிவினையோ அவ்வளவு கவனம் பெறவில்லை. காலனிய மாளிகைகளிலும் பங்களாக்களிலும் குளியலறைக்கு வெளிப்புறமாக ஒரு கதவு இருக்கும். மாடியாயின் பின்சுவரை ஒட்டி இரும்புச் சுழற்படி இருக்கும். துப்புரவு செய்பவர் வீட்டினுள் நடவாமல், கண்ணில் படாமல் வந்து போவதற்கான வழி அது. கட்டடக்கலை அழிவுகளைக் குறித்து எழுதுவோர் அச்சுழற்படிகளின் வார்ப்பு வேலைப்பாட்டைப் பாராட்டுவது உண்டு. அவை எதற்காக அமைக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே அவற்றை வாசிக்க வேண்டும். வரைபடத்தில் குப்பைக்குக் கட்டம் இல்லாததன் காரணத்தை இங்கே காணலாம். தொட்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் நிறுத்தப்பட்டிருந்தார். அவரது வழி கட்டடத்தின் முதுகுப்புறம் மறைக்கப்பட்டிருந்தது.

தொட்டிக்கும் உழைப்புக்கும் உள்ள உறவு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1883 நவம்பரில் பாரிசு நகர நிர்வாகி எழேன் புபேல், ஒவ்வொரு கட்டடமும் மூடியுள்ள கலங்களில் குப்பையைச் சேர்த்து வைக்க வேண்டும் என ஆணையிட்டார். அழுகும் பொருளுக்கு ஒன்று, தாளுக்கும் கந்தலுக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று என மூவகைக் கலங்கள் கோரப்பட்டன. இன்றைய தரம் பிரிக்கும் முறையின் முன்வடிவம் அது. அவ்வாணையைக் கடுமையாக எதிர்த்தவர்கள் பாரிசின் கந்தல் பொறுக்குவோர். குப்பை மூடிய கலத்துக்குள் சென்றால் தங்கள் பிழைப்பு போய்விடும் என அவர்கள் அஞ்சினர். புபேலின் பெயரே பிரெஞ்சு மொழியில் குப்பைத்தொட்டிக்கான சொல்லாக நிலைத்தது. மூவகைப் பிரிப்போ அன்று நடைமுறையில் வேரூன்றவில்லை. ஒரு தொட்டியின் மூடி எத்தனை பேருடைய வாழ்வைத் தொடுகிறது என்பதற்கு அது ஆரம்பகாலச் சான்று.

சென்னையில் இக்கதை வேறு விதமாக வளர்ந்தது. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சிக்கு ரிப்பன் மாளிகை கிடைத்தது 1913இல். அடிக்கல் 1909இல் நாட்டப்பட்டது. ஜி.எஸ்.டி. ஹாரிஸ் வடிவமைக்க, லோகநாத முதலியார் ஏறத்தாழ ஏழரை லட்சம் ரூபாய்ச் செலவில் கட்டி முடித்த வெண்ணிற மாளிகை அது. அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1908 சூன் மாதத்தில், தென்னிந்திய ரயில்வே, எழும்பூரில் ஹென்றி இர்வின் வடிவமைத்துச் சாமிநாத பிள்ளை கட்டிய புதிய நிலையத்தைத் திறந்திருந்தது. ஒன்று மாநகரின் குப்பையை ஆளும் அலுவலகம்; மற்றொன்று நாள்தோறும் குப்பை பெருகும் நிலையம். வளைவுகளும் மாடங்களும் மிக்க இவ்விரு கட்டடங்களுக்குள்ளும் இன்று பிளாஸ்டிக் தொட்டி எங்கேனும் நின்றாக வேண்டும். எங்கே, எவ்வாறு என்பதே கேள்வி.

இக்கேள்வியைக் கூர்மையாக்கியது குப்பையின் தன்மையில் நேர்ந்த மாற்றம். மண்கலயத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் குவளையும், தொன்னையின் இடத்தை நெகிழி பூசிய தாளும் பிடித்தன. 2004இல் ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் ரயில் நிலையங்களில் மண்குவளையை மீட்க முயன்றார், அது நீடிக்கவில்லை. 1996இல் அல்மித்ரா படேல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. மட்கும் குப்பைக்குப் பச்சை, மறுசுழற்சிக்கு வெள்ளை, பிறவற்றுக்குக் கறுப்பு என அவை நிறம் வகுத்தன. 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை உண்டாகும் இடத்திலேயே மட்கும் குப்பை, மட்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரிப்பதைக் கட்டாயமாக்கின. குப்பை சேகரிப்போரை அமைப்புக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறின. ஆனால் தூய்மை இந்தியா பரப்புரை வழியாக மக்கள் மனத்தில் பதிந்தவை பச்சையும் நீலமும். இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே வெள்ளை நீலமாகிவிட்டது.

பழங்கட்டடத்துக்கான தொட்டியை வடிவமைப்போர்க்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. கட்டடத்தின் ஆயுள் நூற்றாண்டுகளில் அளக்கப்படுவது. விதியின் ஆயுள் பத்தாண்டுகளில் அளக்கப்படுவது. எனவே தொட்டியின் உடல் அடங்கிய ஒரே நிறத்தில் நிலையாக இருக்க, வகையைக் காட்டும் வண்ணமும் எழுத்தும் கழற்றி மாற்றத்தக்க தகட்டில் இருப்பது நலம். பச்சையும் நீலமுமான பெரும் பிளாஸ்டிக் உருவங்கள் கூடத்தின் நடுவே நின்று கண்ணை உறுத்துவதை இது தவிர்க்கும். விதி மாறும்போது தொட்டி முழுவதையும் குப்பையாக்கும் முரணையும் தவிர்க்கும். பாகாலா போன்ற எல்லைப்புற ஊர்களில் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம், இந்தி என நான்கு மொழி எழுத வேண்டிய தேவையும் உண்டு. அங்கு எழுத்தைவிடப் படம் விரைவாகப் பேசும்.

எழுத்தையும் படத்தையும்விட விரைவாகப் பேசுவது துளையின் வடிவம். ஷான் டஃபி, மிஷெல் வெர்ஜஸ் ஆகிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், புட்டிக்கு வட்டத் துளை, தாளுக்கு மெல்லிய பிளவு என மூடியின் வாயை மட்டும் பொருளுக்கேற்ப மாற்றியபோது, பானப் புட்டி, டப்பாக்களின் மறுசுழற்சி 34 விழுக்காடு உயர்ந்தது. தவறான பொருள்கள் கலப்பது 95 விழுக்காடு குறைந்தது. அறிவுரைப் பலகை எதுவும் தராத பயனை ஒரு துளை தந்தது. பழங்கட்டடத்துக்கு இச்செய்தி ஆறுதலானது. சுவரெங்கும் அறிவிப்புகளை ஒட்டத் தேவையில்லை; தொட்டியின் வாயே கற்பிக்கும்.

இனி, கட்டடத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். பாகாலாவிலிருந்து திருப்பதி செல்லும் தடத்தில் அமைந்த சந்திரகிரியின் ராஜமகால் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. விசயநகர அரசின் இறுதிக்கட்டத் தலைநகரங்களுள் ஒன்றான அக்கோட்டையின் மூன்றடுக்கு மாளிகை, கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தது. இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும் பொருள். ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். ஈரக்குப்பைத் தொட்டி சுவரை ஒட்டி நின்றால் கசிவும் உப்பும் பூச்சுக்குள் ஏறும். நாளடைவில் பூச்சு பொருக்காக உதிரும். இரும்புத் தொட்டியின் அடிவிளிம்பு கல்தரையில் துருக்கறையைப் பதிக்கும். சுவரில் ஆணியடித்து மாட்டிய தொட்டி ஒவ்வொன்றும் மீளாத ஒரு காயம். ஆகவே இத்தகைய இடங்களில் தொட்டி தனித்து நிற்பதாக, சுவரினின்று ஓரடியேனும் விலகியதாக, அடியில் ரப்பர்க் கால்களும் கசிவுத் தட்டும் உடையதாக, எந்நாளும் தடயமின்றி அகற்றத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஈரக்குப்பையைக் கூடத்துக்குள் அனுமதிக்காமல் முற்றத்தோடு நிறுத்துவது இன்னும் சிறந்தது.

பழமைக்குப் பொருந்துவது என்றால் பழமையை நடிப்பது என்று பலர் கொள்கின்றனர். தொட்டியில் வளைவும் தாமரை இதழும் செதுக்கி, அதைத் தூணின் குட்டியாக மாற்ற விழைகின்றனர். 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதற்கு மாறான நெறியைத் தந்தது. பழஞ்சின்னத்தில் புதிதாகச் சேர்வது பழையதினின்று வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும், தன் காலத்தின் முத்திரையைத் தாங்கியதாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தூணைப்போல் நடிக்கும் தொட்டி பார்வையாளரை இரு வழிகளில் ஏமாற்றுகிறது: வரலாறு அறிய வந்தவருக்குப் பொய் சொல்கிறது, குப்பை போட வந்தவருக்குத் தன்னை மறைத்துக்கொள்கிறது. தொட்டி அடக்கமாக இருக்கலாம், ஒளிந்துகொள்ளக் கூடாது.

கனத்த அலங்காரத் தொட்டிக்கு எதிராக வரலாறு தரும் இன்னொரு எச்சரிக்கை குருதி தோய்ந்தது. 1991 பிப்ரவரியில் இலண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் குப்பைத்தொட்டியில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் இலண்டன் நிலையங்களிலிருந்து தொட்டிகள் அகற்றப்பட்டன. 1995இல் பாரிசில் நிகழ்ந்த தொடர் வெடிப்புகளுக்குப் பின் அந்நகரின் தெருக்களில் வளையத்தில் தொங்கும் ஒளிபுகு பைகள் தொட்டிகளின் இடத்தைப் பெற்றன. 2008 செப்டம்பர் 13 அன்று தில்லியில் வெடித்த குண்டுகளில் சில கன்னாட் பிளேசின் குப்பைத்தொட்டிகளில் வைக்கப்பட்டவை. உள்ளிருப்பது தெரியாத தடித்த உலோகக் கூடு வெடிப்பின்போது தானே ஆயுதமாகிவிடும். ஆகவே கூட்டம் மிகுந்த ரயில் நிலையங்களில் மெல்லிய சட்டமும் உள்ளே தெரியும் பையுமே ஏற்புடையன. அது கண்ணுக்கு அழகன்று என்று கட்டடப் பாதுகாவலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் மெல்லிய சட்டம் தூணை மறைப்பதுமில்லை. பளிங்குத் தரையைக் கனத்தால் கீறுவதுமில்லை. பாதுகாப்பும் மரபுப் பேணலும் இவ்விடத்தில் ஒன்றையே கேட்கின்றன.

இவ்வளவும் பேசிய பின்னரும் ஒருவர் விடுபட்டிருக்கிறார். தொட்டியைக் காலி செய்பவர் அவர். நூறு லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஈரக்குப்பையால் நிறைந்தால் எடை நாற்பது கிலோ அளவை எட்டும். கட்டட அழகுக்காகத் தொட்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து அளவைப் பெரிதாக்கும்போது, அந்த எடை ஒரு தூய்மைப் பணியாளரின் இடுப்பின் மேல் ஏறுகிறது. மரக்கூட்டுக்குள் மறைத்து மேல்வழியாக மட்டுமே வெளியே எடுக்கத்தக்கதாக அமைத்தால், அவர் குனிந்து, கை முழுதும் உள்ளே விட்டு, உடைந்த கண்ணாடிக்கும் எச்சிலுக்கும் நடுவே பையைத் தேடியாக வேண்டும். முன்கதவு திறந்து பக்கவாட்டில் இழுக்கக்கூடிய, நாற்பது லிட்டரைத் தாண்டாத உட்கலம் கொண்ட தொட்டிகள் இரண்டு, ஒரு பெரிய தொட்டியைவிட மேலானவை. பழங்கட்டடத்தின் படிகள் செங்குத்தானவை. மின்தூக்கி பெரும்பாலும் இராது. மாடியிலிருந்து பைகள் எவ்வழியே கீழிறங்கும், பணியாளர் எங்கே கை கழுவுவார், பிரித்தவை மீண்டும் ஒரே வண்டியில் கலக்காமல் எங்கே காத்திருக்கும் என்பன தொட்டியின் வடிவமைப்பில் அடங்கியவையே. இவற்றை விடுத்து நிறத்தையும் வளைவையும் மட்டும் பேசும் வடிவமைப்பு, பின்சுவர்ச் சுழற்படியை வேறு வடிவில் மீண்டும் கட்டுகிறது.

தொட்டிக்கு முந்திய கேள்வி ஒன்றும் உண்டு: கட்டடத்துக்குள் எது நுழைகிறது? தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. 2021 திசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. திருமலையில் நெகிழித் தண்ணீர்ப் புட்டிகள் விலக்கப்பட்டு, திருப்பித் தரக்கூடிய கண்ணாடிப் புட்டிகள் வந்துள்ளன. குடிநீர்க் குழாய் ஒன்றைச் சரியான இடத்தில் அமைக்கும் அருங்காட்சியகம் ஒரு தொட்டியைக் குறைத்துக்கொள்கிறது. மறுசுழற்சித் தொட்டியின் வெற்றி அதன் கொள்ளளவில் மட்டும் இல்லை; அது நிரம்பாமல் இருப்பதிலும் உண்டு.

2025 ஆகஸ்டு மாதம் சென்னை மாநகராட்சியின் இரு மண்டலங்களில் துப்புரவுப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே பன்னிரண்டு நாள்களுக்கும் மேலாக அமர்ந்திருந்தனர். உயர்நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 13ஆம் தேதி நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். அப்போராட்டத்தின் நியாய அநியாயங்கள் பற்றி வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் கட்டடக்கலை வரலாற்று மாணவருக்கு அக்காட்சி ஒரு செய்தியைச் சொல்கிறது. நூற்றாண்டு கடந்த வெண்மாளிகையின் முகப்பில், அதன் வரைபடத்தில் கட்டம் பெறாதவர்கள், பின்வழியே மட்டும் வந்து போக வேண்டியவர்களாகக் கருதப்பட்டவர்கள், பலர் காண அமர்ந்திருந்தனர்.

மரபுக் கட்டடத்துக்கான தொட்டியை ஒரு குழு வடிவமைக்கும்போது அதில் கட்டடக்கலைஞரும் பாதுகாப்பு வல்லுநரும் காவல்துறையும் இடம்பெறுவது இயல்பு. அக்கட்டடத்தை நாள்தோறும் பெருக்குபவர் ஒருவரும் அம்மேசையில் அமர வேண்டும். மாதிரித் தொட்டியை முதலில் திறந்து தூக்கிப் பார்ப்பவராக அவர் இருக்க வேண்டும். அவர் நடக்கும் வழியும், கை கழுவும் இடமும், பைகள் காத்திருக்கும் அறையும் வரைபடத்தில் ஏற வேண்டும். பாகாலாவின் நடைமேடைக்கும் சந்திரகிரியின் மாளிகைக்கும் எழும்பூரின் கூடத்துக்கும் வெவ்வேறு தொட்டிகள் தேவைப்படலாம். நூறாண்டுக்கு முன் வரையாமல் விடப்பட்ட அந்தக் கட்டத்தை வரைந்து முடிக்கும் கடமை மூன்றுக்கும் பொது.